மூன்று ஓலைகளுக்கு நடுவே எடுத்த கட்டி

நைனா,

வருகிற வியாழக்கிழமை எனக்கு நடக்கப்போவது பித்தப்பைக் கல் ஆபரேஷன் இல்லை. பித்தப்பைக் கல் என்று உன்னிடம் சொன்னது பொய். இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடல் ஆரம்பிக்கிற இடத்தில், அதன் முதல் வளைவில், எனக்குக் கட்டி இருக்கிறது. புதுக் கட்டியும் இல்லை. உன் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே திரும்ப வந்திருக்கிறது, இந்த முறை மேலோடு நிற்கவில்லை. இதை நேரில் சொல்லத்தான் மூன்று தடவை மணலி புதுநகருக்கு பஸ் ஏறி வந்தேன். மூன்று தடவையும் டீ குடித்தேன், உன் வீட்டு ஃபேன் சத்தம் போடுவதைப் பற்றிப் பேசினேன், ஐந்தாம் மாதத்தில் எதைச் சாப்பிடலாம் எதைச் சாப்பிடக் கூடாது என்று என் மருமகள் பிரிசில்லாவுக்குப் பெரிய மனுஷி மாதிரி வகுப்பெடுத்தேன், திரும்பி வந்துவிட்டேன். ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் என்னை நானே திட்டிக்கொள்வேன். வாயால் வராததை எழுதியாவது தொலைக்கிறேன். என் கட்டிக்காக இதை எழுதவில்லை, அதைப் பார்த்துக்கொள்ள டாக்டர்கள் இருக்கிறார்கள். உன் குடலுக்குள்ளும் இதே சமாச்சாரம் வளர்ந்துகொண்டிருக்கலாம். இது எனக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் வெளியில் சொல்ல மாட்டாய். பத்தொன்பது வருஷம், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிற எண்டோஸ்கோபி அறையில் இருந்தேன். ஆயாவாகப் போய்ச் சேர்ந்து, குழாய் கழுவக் கற்றுக்கொண்டு, பிறகு டாக்டர் கை நீட்டினால் எந்தச் சுருக்கு, எந்த ஊசி, எந்தக் கிளிப் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு வந்தேன். துறைமுகத்திலிருந்து மூச்சு வாங்குகிறது என்று வந்து படுத்த உன் அப்பா எழுந்திருக்காமலே போனபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு உன் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், சைக்கிள், பைக் எல்லாமே குழாய் கழுவின சம்பளம். ஆனால் பெண் பார்க்கப் போன அன்று, "அம்மா ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தாங்க" என்றாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், நீ ஜன்னலைப் பார்த்தாய். அதற்கு முந்தின நாள் எனக்குப் பாடம் வேறு நடத்தியிருந்தாய். "யம்மா, அவுங்க முன்னாடி இன்னா, கீதுன்னு பேசிக்கினு இருக்காதம்மா, பேஜாரா பூடும்" என்றாய். உன் வாயில் அது எவ்வளவு அழகாக வந்தது என்று உனக்கே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நர்ஸ் இல்லை, குழாய் கழுவினவள் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் கார் நின்றது, வீடு பளபளவென்று இருந்தது, பெண்ணும் தங்கமாக இருந்தாள். எனக்கும் ஆசை இருந்தது.

பிரிசில்லாவின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மொத்தக் கடை வைத்து நிலைத்தவர். நல்ல மனிதர், எதையும் விசாரிக்காமல் செய்ய மாட்டார். நீயும் பிரிசில்லாவும் மாடியில் பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் கேட்டார். "தப்பா எடுத்துக்கிடாதீய. பொண்ணக் குடுக்கிற எடம், கேக்கணும்லா. குடும்பத்துல சீக்கு சங்கடம்னு ஏதும் உண்டுமா?" நான் யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணியும் இல்லீங்க. எங்க அண்ணன் ஒருத்தர்தான் சின்ன வயசுல பூட்டாரு. அது குடி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போது கட்டி இருப்பது தெரியாது, அதனால் அன்றைக்குச் சொன்னதில் பாதிதான் பொய். ஆனால் அந்தப் பாதி, செத்துப்போன என் அண்ணனின் தலையில் விழுந்தது.

உன் மாமா குடிகாரர் இல்லை. திருவிழாவுக்கு, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் தொடுவார், அவ்வளவுதான். நாற்பத்து நான்கு வயதில் மஞ்சள் காமாலை வந்தது, வயிறு ஊதியது, மூன்று மாதத்தில் போய்விட்டார். காமாலை என்றால் குடி என்று நம் தெரு முடிவு கட்டிவிடும், கட்டிவிட்டது. வயிற்று வலி என்று அவர் ஆரம்பத்தில் சொன்னபோது, "வாண்ணா, ஒரு வாட்டி உள்ள வுட்டுப் பாத்துடலாம்" என்று கூப்பிட்டேன். "வேணாம் பாப்பா. நீ நிக்கிற எடத்துல நான் வாயப் பொளந்துகினு படுக்கணுமா? வெக்கமா கீது" என்றார். நானும் விட்டுவிட்டேன். கட்டாயப்படுத்தி இழுத்துப் போயிருக்கலாம், யாரோ முன்பின் தெரியாதவர்களையெல்லாம் இழுத்துப் படுக்கவைத்த கைதானே இது. கூடப் பிறந்தவன் என்பதால் எனக்கும் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு என்னைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அவர் கதையைச் சொன்னால், அதுவும் பெரும்பாலும் சிறுகுடல் கட்டியாகத்தான் இருந்திருக்கும், பித்தநீர் வருகிற வாயை அடைத்திருக்கும், அதனால்தான் காமாலை என்கிறாள். கல்லறையில் கிடக்கிறவரைக் குடிகாரர் என்று ஊர் சொன்னது போதாதென்று, அவர் தங்கச்சி நானும் சம்பந்தி வீட்டு சோபாவில் உட்கார்ந்து சொன்னேன்.

உனக்குக் கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிறு நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். அன்றைக்கு நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாய். எனக்கு அதற்குச் சில வாரம் முன்பிருந்தே சோறு இறங்கவில்லை, படி ஏறினால் தலை சுற்றியது. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். வேலை பார்த்த இடத்துக்குப் போகவில்லை. அங்கே பாதிப் பேர் நம் பங்குக் கோயில் ஆட்கள், மத்தியானத்துக்குள் செய்தி வீடு வீடாகப் போய்விடும். நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் அறையில் வேலை பழகியவள். குழாயை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. மயக்கம் தெளிந்ததும் படத்தைக் காட்டினாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அடுத்தவர் குடலில் பார்த்தது, இப்போது என் பெயர் போட்ட தாளில் இருந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை, கிள்ளி அனுப்பிய சதையின் பயாப்சி முடிவு வந்தது. புற்று என்று இன்னும் ஆகவில்லை, ஆனால் ஒரு பக்கத்தில் ஆக ஆரம்பித்திருந்தது. டாக்டரம்மா என்னை நோயாளியாக நடத்தவில்லை, கூட வேலை பார்த்தவளாக நடத்தினாள். "அக்கா, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. மூணு சென்டிமீட்டர் இருக்கு. துண்டு துண்டா எடுத்தா ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். ஆனா முழுசா போயிடுச்சான்னு பயாப்சியில உறுதியா சொல்ல முடியாது. ஒரே துண்டா எடுத்தா சொல்லலாம். அதுக்கு ஒரு வாரம், பத்து நாள் இங்க இருக்கணும். ஓட்டை விழுந்தா வயித்தைத் திறக்க வேண்டி வரும். உங்களுக்கு நான் ஒரே துண்டைத்தான் சொல்லுவேன். அதை நல்லா பண்றவர் இங்கயே இருக்கார். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படி. உனக்கும் நாளைக்குத் தேவைப்படலாம். சிறுகுடலின் சுவர் ரொம்ப மெல்லிசு. இரைப்பையிலும் பெருங்குடலிலும் செய்கிறதை அதே துணிச்சலோடு இங்கே செய்ய முடியாது. போதாக்குறைக்குப் பித்தநீரும் கணையநீரும் வந்து கொட்டுகிற இடம் அது. எடுத்த புண் மேல் அந்த நீர் பட்டால் அரித்துவிடும். கட்டி ஒரு பட்டாணி அளவுக்குள் இருந்தால் கவலை இல்லை. மெல்லிய கம்பிச் சுருக்கைப் போட்டு, கரண்ட் கொடுக்காமல் இறுக்கியே அறுத்துவிடுவார்கள். சூடு படாத புண் என்பதால் பின்னால் ரத்தம் கசிவதும் ஓட்டை விழுவதும் குறைவு. கொஞ்சம் பெரிதானால் கட்டிக்கு அடியில் ஊசியால் உப்புநீரை ஏற்றி, பூரி மாதிரி உப்பவைத்து, சுருக்குப் போட்டு, கரண்ட் வைத்து அறுப்பார்கள். ஊசியே போடாமல் குடலில் தண்ணீரை நிரப்புகிற வழியும் உண்டு. தண்ணீருக்குள் கட்டி தானாக மிதந்து மேலே வரும், அப்படியே சுருக்கில் மாட்டிக்கொள்ளும். சீக்கிரமும் முடியும். நான் வேலையை விடுகிற சமயத்தில் எங்கள் அறையில் இதைத்தான் அதிகம் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் ஊசியோ தண்ணீரோ, சுருக்கின் வாய் இவ்வளவுதான். இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரத்தில் கடுகளவு மிச்சம் நின்றாலும் அதிலிருந்து திரும்ப முளைக்கும். கடைசி வழி கத்தி. ஊசி முனை மாதிரி ஒரு கத்தியைக் குழாய் வழியாக விட்டு, கட்டியைச் சுற்றி வெட்டி, அடித்தோலிலிருந்து மெதுவாக உரித்து முழுசாக எடுப்பார்கள். மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்தத் துண்டை அட்டையில் விரித்து ஊசி குத்திப் பரிசோதனைக்கு அனுப்பினால், ஓரம் சுத்தமா, வேர் கீழே இறங்கியிருக்கிறதா என்று திட்டமாகச் சொல்லிவிடுவார்கள். சுத்தமாக வந்துவிட்டால் திரும்ப முளைப்பது அபூர்வம். ஆனால் ஓட்டை விழுகிற பயமும் இதில்தான் அதிகம், எல்லா டாக்டருக்கும் இது கை வராது.

இரண்டையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எர்ணாவூரிலிருந்து ஒரு வெல்டர் வந்தார். அவருக்குக் கத்தியால் எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. துண்டு அப்படியே ரூபாய் நாணயம் மாதிரி வந்தது, அறையில் எல்லோரும் கைதட்டினோம். மூன்றாம் நாள் புண் அரித்து ஓட்டை விழுந்தது, வயிற்றைத் திறந்தார்கள், ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துப் போனார். கட்டி மட்டும் திரும்ப வரவே இல்லை. வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு பாக்சிங் சொல்லிக்கொடுக்கிற ஒருவருக்குத் துண்டு துண்டாக எடுத்தோம். அவரை மறுபரிசோதனைக்கு வரவைக்க நான் போன் மேல் போன் போடுவேன். "சார், மூணு மாசம் ஆயிட்ச்சி, வந்துடுங்க." "இன்னா மேடம், என் பொண்டாட்டி கூட என்னிய இவ்ளோ தேடினது இல்ல" என்பார், ஆனால் வந்துவிடுவார். இரண்டாவது தடவை பார்த்தபோது ஓரத்தில் ஒரு மிச்சம் இருந்தது, அங்கேயே கரண்ட் வைத்துச் சுட்டுவிட்டார்கள். பிறகு வருஷக்கணக்கில் சுத்தம். ஆகவே துண்டாக எடுப்பது மட்டம், கத்தி உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதே. துண்டாக எடுத்தால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அறுக்கிறது பாதி வேலை, போய்ப் பார்க்கிறது மீதிப் பாதி. இது எனக்குத் தெரியும், ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவள் நான்.

டாக்டரம்மாவிடம் எர்ணாவூர்க்காரர் கதையைச் சொன்னேன். "எனுக்கு கத்தின்னா பயமா கீதும்மா. துண்டாவே எடுத்துடு" என்றேன். அவள் நம்பினாள். பயம் இருந்தது உண்மை, ஆனால் அது காரணம் இல்லை. பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் உன் கல்யாணம் வந்துவிடும், எங்கே போனாள் மாப்பிள்ளையின் அம்மா என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றால் மறைத்துவிடலாம். குடலில் எதை எப்படி எடுப்பது என்பதை நான் கட்டியின் அளவை வைத்தோ, பயாப்சியை வைத்தோ முடிவு செய்யவில்லை. எத்தனை நாள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம் என்பதை வைத்து முடிவு செய்தேன். ஒன்றும் தெரியாதவள் செய்தால் மன்னிக்கலாம். எல்லாம் தெரிந்தவள் செய்தேன்.

அந்த வாரம் நான் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை, நைனா. உன் கல்யாணம் நல்லபடியாக நடக்க நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது ஆஸ்பத்திரிக்கு. நீதான் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டாய். நீ பைக்கைத் திருப்பினதும் நான் ஆட்டோ பிடித்தேன். ஏழு துண்டாக எடுத்தார்கள், ஐந்து கிளிப் போட்டு மூடினார்கள். அதே இரண்டு நாளில் பெருங்குடலையும் பார்த்துவிடலாம் என்றாள் டாக்டரம்மா. உள்ளே மொட்டு மொட்டாக, எண்ண எண்ண வந்துகொண்டே இருந்தன. அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, இது உங்களோட நிக்கிற விஷயம் இல்ல. குடும்பத்துல ஓடுற மாதிரி இருக்கு. ரத்தம் எடுத்து அனுப்பறேன். பையனுக்கு என்ன வயசு?" என்றாள். இருபத்தெட்டு, அடுத்த வாரம் கல்யாணம் என்றேன். "கல்யாணம் நடக்கட்டும், அதுக்கும் இதுக்கும் என்ன? ஆனா அவர்கிட்ட சொல்லிடுங்க. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க. மறைச்சு வெச்சா நல்லாயிருக்காது" என்றாள். சொல்றேம்மா என்றேன். வரும் வழியில் நம் கோயில் வாசல் கடையில் மாதா எண்ணெய் பாட்டிலும், படமும், பொரியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "கூட்டமாம்மா?" என்று கேட்டாய். "செம்ம கூட்டம்டா" என்றேன். வீட்டுக்கு வந்திருந்த பிரிசில்லாவின் அம்மா அந்த எண்ணெயை நெற்றியில் தடவிக்கொண்டு கண்ணை மூடி வேண்டினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு மன்னிப்பு உண்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது ஓலை. நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோது, என்னைத்தான் கேட்கிறார் என்று பட்டது. சீக்கு கல்யாணத்துக்குத் தடை இல்லை, அது எனக்கும் தெரியும். நான் எழுந்து நின்றிருக்க வேண்டியதில்லை. பூசை முடிந்து வெளியே வந்து, வாசலில் நின்ற சம்பந்தியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஒருவேளை அவர் பின்வாங்கியிருக்கலாம், ஒருவேளை மாட்டார். அந்த மனிதருக்கு முடிவு செய்ய நான் வாய்ப்பே கொடுக்கவில்லை. கை கூப்பினேன், அவரும் கூப்பினார், கார் கிளம்பிவிட்டது. இன்னும் ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லையே, வெறும் சந்தேகம்தானே என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். நீங்கள் கொடைக்கானல் போயிருந்த வாரத்தில் அந்த முடிவும் வந்தது. சந்தேகம் இல்லை, பரம்பரைதான். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. அந்தத் தாளை நான்காக மடித்து, என் ரேஷன் கார்டுக்குள் வைத்தேன்.

மூன்றாம் மாதம் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். துண்டுகளை வைத்து ஓரம் சுத்தமா என்று சொல்ல முடியவில்லை என்றுதான் பயாப்சியில் எழுதியிருந்தார்கள், கட்டாயம் போக வேண்டும். அந்த வாரம் சம்பந்தி புதுக் குடோன் திறந்தார், போகவில்லை. ஆறாம் மாதம் எனக்குக் கால் வலி. அதன்பிறகு பிரிசில்லாவுக்கு வாந்தி, மயக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள், என்னைப் போலவே குழாய் அறையில் நிற்கிறவள். "அம்மா, டேட் தாண்டிடுச்சு, வந்துடுங்கம்மா" என்றாள். வரேன் என்றேன். அடுத்த தடவையிலிருந்து அந்த நம்பரைப் பார்த்தாலே கட் செய்தேன். பதினான்கு மாதம் கழித்து, வலி தாங்காமல் போய்ப் படுத்தபோது, பழைய தழும்பின் ஓரத்தில் அது முளைத்திருந்தது. உப்புநீர் ஏற்றினாலும் எழும்பவில்லை, கீழே வேர் பிடித்துவிட்டது. இனிமேல் சுருக்கும் இல்லை, குழாய்க் கத்தியும் இல்லை. வயிற்றைத் திறந்து, குடலின் அந்த வளைவையும் கணையத்தின் தலைப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிழைப்பேன் என்கிறாள் டாக்டரம்மா. பார்க்கலாம்.

இவ்வளவையும் நீ மன்னித்துவிட்டாலும் இனி சொல்லப்போவதை மன்னிக்க வேண்டாம். இரண்டு மாதம் முன்பு, பிரிசில்லா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், நீ ராயபுரம் வந்து என் சமையலறையில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "யம்மா, வெளிக்குப் போனா ரத்தம் வருது. ரெண்டு வாட்டி ஆயிட்ச்சி. இன்னாவா இருக்கும்?" மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. மடித்து வைத்த தாள் கண் முன்னால் வந்தது. ஆனால் உனக்கு விஷயத்தைச் சொன்னால் என் விஷயத்தையும் சொல்ல வேண்டும், வேளாங்கண்ணியைச் சொல்ல வேண்டும், எல்லாம் அவிழும். "சூடுடா. கம்பெனில பாய்லராண்ட நின்னுகினே இருந்தா இன்னா ஆவும்? மோரு குடி, எண்ணெ தேச்சுக் குளி, சரியா பூடும்" என்றேன். நீ நம்பினாய். ஆஸ்பத்திரியில் இருந்தவள், குடல் தெரிந்தவள் சொல்கிறாள் என்று நம்பினாய். நான் வேலை பார்த்ததை வெளியில் சொல்ல வெட்கப்பட்டவன், அந்த ஒரு நாள் என் வேலையை மதித்துத்தான் வந்து கேட்டாய். அண்ணனைச் சும்மா விட்டேன், உன்னை மோர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். நான் நல்ல தாய் என்று என் மேல் யாராவது பாட்டுப் பாடினால், அவர்கள் வாயை மூடச் சொல்.

அது வெறும் மூலமாகவும் இருக்கலாம். பார்க்காமல் தெரியாது. திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போ. பெருங்குடலை முதலில் பார்ப்பாள், இது முதலில் தலைகாட்டுகிற இடம் அதுதான். வாய் வழியாகச் சிறுகுடலையும் பார்க்கச் சொல், ரத்தம் கொடு. ரத்தத்தில் இல்லை என்று வந்தால் உனக்கும் இல்லை, பிரிசில்லாவின் வயிற்றில் இருப்பதற்கும் இல்லை, என்னைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இரு. இருக்கிறது என்று வந்தாலும் உன் வயதில் பெரும்பாலும் சின்னச் சின்ன மொட்டாகத்தான் இருக்கும், சுருக்குப் போட்டு எடுத்துவிடலாம். பெரிதாக இருந்தால் எவ்வளவு பெரிது என்று கேள். ஒரே துண்டாக வருமா, வராவிட்டால் எப்போது திரும்ப வர வேண்டும், இந்த முறையை நீங்கள் அடிக்கடி செய்கிறவரா என்று கூச்சப்படாமல் கேள். எத்தனை நாள் லீவு என்பதைக் கடைசியாகக் கேள். திங்கட்கிழமை நீ அங்கே போகவில்லையென்றால், வியாழக்கிழமை என் கட்டில் பக்கத்தில் வந்து அழுதுகொண்டு நிற்காதே. கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே வராதே.

போகாமல் இருக்கக் காரணம் உனக்கு வரிசையாகக் கிடைக்கும். ஷிஃப்ட் மாற்ற ஆள் இல்லை என்பாய், அம்மா ஆபரேஷன் முடியட்டும் என்பாய், இந்த நேரத்தில் பிரிசில்லாவுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்பாய். நீ என் வயிற்றில் பிறந்தவன், உன் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இதை உனக்குத் தபாலில் போடவில்லை. நீ வேலைக்குப் போன நேரம் பார்த்து, நான்காம் முறையாக உன் வீட்டுக்கு வந்து, பிரிசில்லா கையில் கொடுத்தேன். இந்தப் பத்தியை மட்டும் அவள் படித்து முடித்த பிறகு, அவள் மேஜையில் உட்கார்ந்தே எழுதுகிறேன். என் எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. டாக்டரம்மா நம்பரைக் கேட்டு வாங்கி, அப்போதே போன் போட்டு, திங்கட்கிழமைக்கு உன் பெயரை எழுதவைத்துவிட்டாள். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அத்தை, அவங்களுக்கு ரத்தம் போறது எனக்குத் தெரியவே தெரியாதே. எங்கிட்ட ஏன் சொல்லல?" நான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். அவளுக்கு நீ பதில் சொல்.

அம்மா